கூலி கேக்காத ஆளுக

வாங்க மாப்ள, உக்காருங்க. பனியன் புதுசுங்களா? முதுகுல என்னமோ எழுதியிருக்குது, கொஞ்சம் திரும்புங்க... 'பூமியைக் காப்போம்'. பலே! பூமிதான் நம்மளக் காப்பாத்திக்கிட்டு இருக்குதுன்னு இத்தனை வருசமா நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஆளு மாறிப்போச்சாட்ட இருக்குது.

போன மாசம் உங்க ஆபீஸ்காரங்க வேன் புடிச்சு வந்து மரம் நட்டுட்டுப் போனீங்களே, பெரிய காரியம். நட்ட எடம் மட்டும் கொறங்காடு. கிளுவை வேலி சுத்தி நிக்க, கொழுக்கட்டைப் புல்லு மண்ணைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு, காங்கேயம் மாடு தலைமுறை தலைமுறையா மேஞ்ச காடு. அங்கொண்ணும் இங்கொண்ணுமா வெள்வேலாமரம் நின்னாப் போதும் அதுக்கு. நீங்க புல்லைச் செதுக்கி எறிஞ்சு, குழி நோண்டி, நர்சரியில இருந்து என்னமோ பூமரம் கொண்டாந்து நட்டு, போட்டோ எடுத்துட்டுப் போனீங்க. கன்னு பூராத்தையும் வெள்ளாடு தின்னுபோட்டுது. பேனர் மட்டும் மிச்சம். அதையும் தின்னு வயித்துல அடைச்சுக்கப் போகுதேன்னு நான்தான் கழட்டியாந்து களத்துல ராயி காயப்போட விரிச்சிருக்கேன். வேணும்னாச் சொல்லுங்க, உதறிக் குடுத்தர்றேன்.

அந்தக் காயிதத்தை அக்கட்ட வைங்க. கையெழுத்துத்தானே, போட்டாப் போச்சு, எங்க ஓடிப்போயிரப் போகுது? மொதல்ல மோரு குடிங்க.

வர்றப்பவே ஒரு கேள்வி கேட்டீங்க. 'ஏனுங்க மாமா, காடு, குருவி, வண்டு, வௌவால்னு எதுக்கு இந்தக் கூப்பாடு போடறாங்க? மனுசன்தான் எல்லாத்தையும் தானே செஞ்சுக்கறானே'ன்னு. நல்ல கேள்வி. ஆடிட்டர் கேக்க வேண்டிய கேள்வி. நான் அஞ்சாங்கிளாசோட நின்னவன், பதில் சொல்ற அளவுக்கு எனக்கு ஏது அறிவு? எனக்கு இருக்கறது சந்தேகந்தான். நான் கேக்கறேன், நீங்க தீத்து வையுங்க. நடுவுல வர்ற நம்பரெல்லாம் என் பேத்தி சொல்லிக் குடுத்தது. அவ மேட்டுப்பாளையத்துல காட்டுப் படிப்புப் படிக்கறா. நம்பர்ல சந்தேகம்னா அவளுக்கு போன் போடுங்க. குசும்புக்கு மட்டும் நான் பொறுப்பு.

மாடு ஒண்ணு செத்துப்போச்சுன்னு வைங்க. என்ன பண்ணுவீங்க? 'ஜே.சி.பி.ய வரச்சொல்லிக் குழி வெட்டிப் பொதைப்பேன்'. சரி, வாடகை உண்டு, டீசல் உண்டு, டிரைவருக்கு டீக்காசு உண்டு. நான் சின்னப்பையனா இருந்தப்ப செத்த மாட்டை ஊருக்கு வெளிய ஓடக்கரையில கொண்டுபோய்ப் போட்டுருவாங்க. தோலை உரிக்கறவங்க உரிச்சு எடுத்துட்டுப் போவாங்க. அப்பறம் கொஞ்ச நேரத்துக்கு ஒண்ணும் நடக்காது. அண்ணாந்து பாத்தா வானத்துல ஒரு புள்ளி. அந்தப் புள்ளி வட்டம் போட்டுக் கீழ எறங்கறதை எங்கயோ தூரத்துல பறக்கற இன்னொண்ணு பாத்துட்டு வரும். அது வர்றதைப் பாத்துட்டு அதுக்கு அக்கட்ட இருக்கறது வரும். யாரும் யாரையும் கூப்புடறது இல்லை. வானத்துல ராசாவாத் திரிஞ்சது தரையில தத்தித் தத்தித்தான் வரும். வந்து ஒண்ணையொண்ணு றெக்கையில இடிச்சுத் தள்ளிக்கிட்டு, மொட்டைக் கழுத்தைத் தோளு வரைக்கும் மாட்டு வயித்துக்குள்ள உட்டு இழுக்கும். அதுக்கு ஏன் கழுத்துல முடி இல்லைன்னு அப்பத்தான் எங்களுக்கு வெளங்கும். முடி இருந்தா ரத்தம் அப்பிக்காதுங்களா?

ஒரு மணி நேரம். வெறும் எலும்புக்கூடு. அந்த எலும்பையும் பொறுக்கிட்டுப் போக ஆளு வரும், ஒர ஆலைக்குப் போகும். நாத்தம் இல்லை, ஈ இல்லை, கெணத்துத் தண்ணியில அழுகல் எறங்கறது இல்லை. அதுக வயித்துல இருக்கற அமிலம் இரும்பாட்ட மனுசனையே சாய்க்கற கிருமியைக்கூடக் கரைச்சுப்போடுமாமா. நாங்க கழுகுன்னோம், பேத்தி பாறுன்னு திருத்துவா. எப்படியோ போகட்டும். பில்லுப் போட்டுச்சா? இல்லை. தீவாளிக்கு போனஸ் கேட்டுச்சா? அதுவும் இல்லை. இந்த வேலையை உங்க நோட்டுல எந்தப் பத்தியில எழுதுவீங்க மாப்ள? எழுத மாட்டீங்க. காசு கைமாறலைன்னா வேலையே நடக்கலைன்னுதானே உங்க சாஸ்திரம்?

சரி, அந்த ஆளுகளை வேலையவிட்டு நிறுத்துன கதையைச் சொல்றேன். ஒரு காலத்துல நம்ம நாட்டுல கோடிக்கணக்குல இருந்துச்சுக. 1990கள்ல ராஜஸ்தான்ல பரத்பூர் சரணாலயத்துல, மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரரு விபு பிரகாஷ், கழுகுக கழுத்தைத் தொங்கப்போட்டு உக்காந்துக்கிட்டு, அப்படியே கீழ உழுந்து சாகறதைப் பாத்தாரு. என்ன சீக்குன்னு ஆருக்கும் தெரியலை. தொத்து வியாதின்னாங்க, பூச்சி மருந்துன்னாங்க. பாகிஸ்தான்ல செத்த கழுகுகளை அறுத்துப் பாத்த லிண்ட்சே ஓக்ஸ்ங்கற அமெரிக்கக் கால்நடை ஆராய்ச்சிக்காரரும் அவரு கூட்டாளிகளும் 2004ல விசயத்தை வெளிய கொண்டாந்தாங்க. குண்டிக்காய் கெட்டு, உள்ளுறுப்பு மேலெல்லாம் வெள்ளை வெள்ளையா உப்புப் படிஞ்சு கெடந்துச்சாமா. காரணம் டைக்ளோஃபினாக். மாட்டுக்குக் கால் வலி, காய்ச்சல், மடிவீக்கம்னு போடற வலி ஊசி.

இதுல வேடிக்கையைக் கவனிங்க. கழுகைக் கொல்லணும்னு ஒருத்தனும் நெனைக்கலை. மாட்டு மேல இருந்த பாசத்துல போட்ட ஊசி அது. 1990கள்ல மருந்து வெலை எறங்குச்சு, ஊரூருக்குக் கெடைச்சுது, எழுந்திரிக்காத மாடு எழுந்திரிச்சுது, வைத்தியரைக் கும்பிட்டாங்க. ஊசி போட்ட ஒண்ணு ரெண்டு நாள்ல மாடு செத்துருச்சுன்னா, அந்தக் கறி கழுகுக்கு வெசம். நூறு பொணத்துல ஒண்ணுல மருந்து இருந்தாக்கூட அது கூட்டத்தையே ஒழிக்கப் போதும்னு கணக்குப் போட்டிருக்காங்க. ஏன்னா ஒரு மாட்டுக்கு ஒரு ஊரே பந்திக்கு வருமே. அதுபோக, கழுகு வருசத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் போடும். கோழியாட்ட அடுத்த மாசமே கூடையை நெறைக்காது. வெண்முதுகுப் பாறு 1992ல இருந்து 2007க்குள்ள ஆயிரத்துக்கு ஒண்ணுன்னு ஆகிப்போச்சு. உங்க கம்பெனியில ஆயிரம் பேர்ல 999 பேரு ஒரே சமயத்துல வேலைக்கு வரலைன்னா போன் போட்டுக் கேப்பீங்கதானே? இங்க எத்தனையோ வருசம் ஆருமே கேக்கலை.

2006ல மாட்டுக்கு அந்த மருந்து கூடாதுன்னு தடை போட்டாங்க. நம்மாளு சும்மா இருப்பானா? மனுசனுக்குன்னு 30 மில்லி பாட்டில்ல வித்ததை வாங்கி மாட்டுக்கு ஏத்துனான். மனுசனுக்கு ஒரு தடவைக்கு 3 மில்லி போதும். பத்து ஆளு மருந்து ஒரே பாட்டில்ல எதுக்குன்னு கேட்டா மருந்துக் கடைக்காரருக்கு எங்கிருந்தோ இருமல் வந்துரும். 2015ல அதையும் 3 மில்லிக்குக் கொறைச்சாங்க. மருந்துக் கம்பெனிக்காரங்க சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்ப் பாத்தாங்க, 2017ல கோர்ட்டு முடியாதுன்னுருச்சு. அப்பறம் 2023ல கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக்னு அண்ணந்தம்பி மருந்து ரெண்டுக்கும் தடை. இத்தனைக்கும் மெலாக்சிகாம்னு கழுகுக்கு ஒண்ணும் பண்ணாத வலி மருந்து ரொம்ப நாளாவே கெடைக்குது. அதைப் போட்டாலும் மாடு எழுந்திரிக்கும்.

கணக்குக்கு வருவோம். கழுகு வரலை, பொணம் அப்படியே கெடந்துச்சு. காலி எடத்துக்கு ஆரு வந்தாங்க? நாய். எலி. நாயி எலும்பை நக்கிட்டுப் போறதோட நிக்காது, குட்டி போடும், கடிக்கும். கழுகு போனதால 55 லட்சம் நாயி கூடுச்சுன்னும், அதுக கடிச்சு வெறிநோய்ல 47,000 பேருக்கு மேல செத்தாங்கன்னும் 2008ல ஒரு ஆராய்ச்சி. அது நாய்க்கடியை மட்டும் புடிச்சுக்கிட்டுப் போட்ட கணக்கு. 2024ல இயல் ஃபிராங்க், ஆனந்த் சுதர்சன்னு ரெண்டு பொருளாதாரக்காரங்க, கழுகு நெறைய இருந்த மாவட்டத்தையும் இல்லாத மாவட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, நாயி, தண்ணி, சீக்கு எல்லாத்தையும் சேத்துப் பாத்தாங்க. 2000ல இருந்து 2005க்குள்ள சுமார் 5 லட்சம் மனுசங்க கூடுதலாச் செத்திருக்காங்க. காசாச் சொல்லணும்னா வருசத்துக்கு 6,940 கோடி டாலர் நட்டம். சம்பளமே இல்லாத ஆளை நிறுத்துனதுக்கு இம்புட்டுச் செலவு. இப்பச் சொல்லுங்க, அந்த 5 லட்சம் பேரை எந்தத் தலைப்புல எழுதுவீங்க? 'இதர செலவுகள்'ங்களா?

மும்பையில பார்சிக்காரங்க செத்தவங்களைக் கழுகுக்குப் படைக்கறது அவங்க மதம். கழுகு இல்லாமப் போனதும் வெயிலைக் குவிக்கற கண்ணாடி வெச்சாங்க. மழைக்காலத்துல கண்ணாடி என்ன பண்ணும்னு அவங்களைத்தான் கேக்கணும். நம்ம திருக்கழுக்குன்றத்துல உச்சிப்பொழுதுக்குப் பொங்கல் வாங்கித் திங்க வந்துக்கிட்டு இருந்த ரெண்டு வெள்ளைக் கழுகும் 1990களுக்கு அப்பறம் வர்றதில்லை. நம்ம பக்கம் எச்சம் சொச்சம் இருக்கறது மாயாத்துப் பள்ளத்துல. நீர்மத்தி மரத்து உச்சியில கூடு கட்டியிருக்குதுக. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூணு மாநிலத்துக் காட்டையும் சேத்து எண்ணுனாலும் சில நூறுதான். உங்க கண்ணாலத்துப் பந்தியில ஒரு வரிசைக்கு அதைவிட அதிகம் பேரு உக்காந்தாங்க.

'அதுக்கென்ன மாமா, மெசினைக் கண்டுபுடிச்சு எல்லாத்தையும் நாமளே பண்ணிக்கலாம்'னு வாய் வரைக்கும் வருதுங்களா? வரட்டும், வரட்டும். அதையும் ஒரு மகராசன் பண்ணிப் பாத்துட்டான். அமெரிக்காவுல அரிசோனாவுல, எட் பாஸ்னு எண்ணெய்க் காசு புரண்ட கோடீஸ்வரன். மூணு ஏக்கர் சொச்சத்துல கண்ணாடிக்குள்ள ஒரு உலகமே கட்டுனான். பேரு பயோஸ்பியர் 2. ஒண்ணாம் நம்பரு எதுன்னு கேக்காதீங்க, நம்ம உக்காந்திருக்கறதுதான். உள்ள மழைக்காடு, பவளப்பாறையோட ஒரு கடலு, சதுப்புநெலம், பாலைவனம், வெள்ளாமைக்கு வயலு. செலவு 15 கோடி டாலருக்குக் கொறையாது. 1991 செப்டம்பர்ல நாலு ஆம்பள, நாலு பொம்பளன்னு எட்டுப் பேரை உள்ள உட்டுக் கதவைச் சாத்துனாங்க. ரெண்டு வருசத்துக்கு வெளியில இருந்து காத்துகூடப் போகக்கூடாது.

என்னாச்சுங்கறீங்க? கொஞ்சம் கொஞ்சமா உள்ள இருந்தவங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. படி ஏறுனா இளைப்பு. ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்கறதுக்குள்ள நின்னு மூச்சு உடணும். 100க்கு 21 பங்கு இருக்க வேண்டிய பிராணவாயு 14 சொச்சத்துக்கு எறங்கிப்போச்சு. காணாமப் போன காத்தைப் பெரிய பெரிய விஞ்ஞானிக துப்புப் புடிச்சாங்க. வெள்ளாமை நல்லா வரணும்னு மண்ணுல எருவை அள்ளிக் கொட்டியிருந்தாங்க. மண்ணுல இருக்கற கண்ணுக்குத் தெரியாத கிருமிக அதைத் தின்னுக்கிட்டு, இவங்க சுவாசிக்க வேண்டிய காத்தையும் குடிச்சுப்போட்டுதுக. அதுக உட்ட கரிக்காத்தையாச்சும் செடி வாங்கிப் பிராணவாயுவாத் திருப்பிக் குடுத்திருக்கும். ஆனா அதைப் புதுசாக் கட்டுன காங்கிரீட் சொவரு உறிஞ்சிக்கிச்சு. சொவத்தைக் கணக்குல சேக்க ஒருத்தனுக்கும் தோணலை. பூவுல மகரந்தம் சேக்கற பூச்சி பூராவும் செத்துப்போச்சு. கரப்பானும் கிறுக்கு எறும்பும் மட்டும் அமோகம், வாடகையில்லாத வீடாச்சே. வயித்துக்குப் பத்தாம எட்டுப் பேரும் மெலிஞ்சாங்க. 1993 ஜனவரியில லாரியில பிராணவாயு கொண்டாந்து உள்ள ஏத்துனாங்க. அம்புட்டுக் காசைக் கொட்டி எட்டுப் பேரு மூச்சுக்கு ரெண்டு வருசம் வழி பண்ண முடியலை. இங்க ஒண்ணாம் நம்பர்ல 800 கோடிப் பேரு ஓசியில மூச்சு உடறோம், ஒரு ரசீதுகூட வாங்கிக்கலை.

தப்பா எடுத்துக்காதீங்க. நான் அந்த ஆளைக் கேலி பண்ணலை. அந்த மாதிரிச் செலவு பண்ணி, முடியாதுன்னு காட்டுனது பெரிய உபகாரம். நீங்க அந்தச் செலவைப் பண்ண வேண்டியதில்லையே.

கணக்கை ஒழுங்காப் போட்ட ஊரும் ஒண்ணு இருக்குது, அதையும் சொல்லிர்றேன். இல்லைன்னா கெழவன் ஒப்பாரி வெக்கறான்னு உங்க வீட்டுக்காரிகிட்டச் சொல்லுவீங்க. நியூயார்க். அந்தப் பட்டணத்துக்குத் தண்ணி கேட்ஸ்கில் மலைப்பக்கம் இருந்து வருது. 1990கள்ல அரசாங்கம், வடிகட்டற ஆலை கட்டுங்க, இல்லைன்னா தண்ணி சுத்தந்தான்னு நிரூபிங்கன்னு கெடுபிடி பண்ணுச்சு. ஆலைக்கு 600 கோடியில இருந்து 800 கோடி டாலர் ஆகும்னாங்க. அங்க உங்களாட்ட ஒரு ஆடிட்டர் இருந்திருக்கணும். மலையில இருக்கற காடும் புல்லும் மண்ணும் இத்தனை நாளா எந்த வேலையைச் சும்மாப் பாத்துச்சோ, அதையே தொடர்ந்து பாக்கட்டும், அதுக்குக் கெடுதி வராமப் பாத்துக்க நாம காசு குடுப்போம்னு 1997ல மலை ஊருக்காரங்களோட ஒப்பந்தம் போட்டாங்க. நெலத்தை வாங்கிக் காடா உட்டாங்க. மாட்டுச் சாணி ஓடையில உழுகாமப் பாத்துக்கற விவசாயிக்குச் செலவுக்காசு குடுத்தாங்க. ஆலைச் செலவுல ஒரு சின்னப் பங்குதான் ஆச்சு. இன்னிக்கும் அந்தத் தண்ணியை வடிகட்டாமத்தான் குடிக்கறாங்க. நம்மூர்ல சாணியை ஓடையில கொட்டாதன்னு சொல்ற எனக்கு ஒருத்தனும் ஒரு டம்ளர் டீ வாங்கித் தந்ததில்லை. அது வேற கதை.

மொத்தக் கூலியையும் ஒரே பில்லாப் போட்டுக் குடுங்கன்னா? அதுவும் பண்ணியிருக்காங்க. 1997ல ராபர்ட் கோஸ்டான்சான்னு ஒருத்தரும் அவரு ஆளுகளும், காடு, கடல், ஈரநெலம், பூச்சி எல்லாம் பாக்கற வேலைக்கு வருசச் சம்பளம் போட்டுப் பாத்தாங்க. 16 லட்சம் கோடி டாலர்ல இருந்து 54 லட்சம் கோடி டாலருக்குள்ள இருக்கும், நடுவாந்தரமா 33 லட்சம் கோடி. அன்னைக்கு ஒலகத்துல இருந்த அத்தனை மனுசனும் சேந்து ஒரு வருசத்துல சம்பாரிச்சதே 18 லட்சம் கோடிதான். கணக்குப் புலி நீங்க, சொல்லுங்க: மொதலாளியோட வருமானத்தைவிட வேலைக்காரன் சம்பளம் பெருசுன்னா, அங்க மொதலாளி ஆரு?

பொறவு உங்க தொழில்காரங்க பாணியிலயே ஒரு பெரிய தணிக்கையும் நடந்துச்சு. ஐ.நா. சபையில கோஃபி அன்னான் சொல்லி, 95 நாட்டுல இருந்து 1,360 பேரு உக்காந்து பாத்து 2005ல அறிக்கை குடுத்தாங்க. இயற்கை நமக்குப் பாக்கற வேலைக 24ஐ எடுத்துப் பாத்தா 15 சீரழிஞ்சு கெடக்குது. தண்ணி சுத்தம் பண்றது, மீனு பெருகறது, காத்தைக் கழுவறது, பூச்சி பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டுபோறது எல்லாம் அந்த 15க்குள்ள. நல்லா நடக்குதுன்னு சொன்னதுல முக்கியமானது எதெதுன்னு கேட்டீங்கன்னா, வெள்ளாமை, கால்நடை, மீன் பண்ணை. அதாவது நாம எடுத்துக்கிட்டு வர்றது கூடியிருக்குது, அதைக் குடுக்கறதுதான் தேஞ்சிருக்குது. உங்ககிட்ட ஒரு கம்பெனி இந்த மாதிரி நோட்டைக் கொண்டாந்தா நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?

சரிங்க, கையெழுத்துன்னதும் காயிதத்தைப் பாக்கறீங்க. அது கெடக்கட்டும். நீங்க வாங்குன காட்டுக்கும் என்னோட காட்டுக்கும் நடுவுல இருக்கற இட்டேரிக்கு வருவோம். அதை 'பொதரு'ங்கறீங்க. ரெண்டு பக்கமும் திருகுகள்ளியும் கிளுவையும் நொச்சியும் ஆவாரையும் பின்னிக்கிட்டு, அது மேல கோவைக்கொடியும் பெரண்டையும் படந்து, நடுவுல ஒரு மாட்டுவண்டி போற தடம். வழிச்சு எறிஞ்சுட்டுக் காம்பவுண்டு கட்டி, மேல கண்ணாடிச் சில்லுப் பதிக்கோணும்கறது உங்க திட்டம். தாராளமா. நான் குறுக்க நிக்கலை. ஆனா அங்க வேலை பாக்கற ஆளுக ஆரு ஆருன்னு ஒரு பட்டியல் எடுத்துட்டு நிறுத்துங்க. நாளைக்கு மாத்து ஆளு வெக்கோணுமல்ல?

கீரி ஒரு சோடி இருக்குது. சாரைப்பாம்பு இருக்குது. பொழுது எறங்குனா ஆந்தை வந்து கள்ளி மேல உக்காருது. மூணுக்கும் ஒரே உத்தியோகம், எலி புடிக்கறது. ஓணானும் கௌதாரியும் பூச்சி பொறுக்குது, கௌதாரி கரையானையும் உடாது. நொச்சியும் ஆவாரையும் பூக்கறப்ப தேனீ வந்து, அப்படியே உங்க முருங்கைக்கும் என் பூசணிக்கும் வேலை பாத்துட்டுப் போகுது. இதெல்லாம் போனா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு தெரியும்: எலிப் பாசாணம், பூச்சி மருந்து. அமெரிக்காவுல 2006 வாக்குல வௌவாலுக்கு ஒரு பூஞ்சைச் சீக்கு வந்து கூட்டங்கூட்டமாச் செத்துச்சு. ராத்திரி பூச்சி புடிக்க ஆளு இல்லை. அந்தப் பக்கத்து விவசாயிக மருந்தடிக்கறது மூணுல ஒரு பங்கு கூடுச்சு. அப்பறம் அந்த மாவட்டங்கள்ல பச்சைக் கொழந்தைக சாகறது 100க்கு 8 கணக்குல கூடிப்போச்சு. கண்டுபுடிச்சது கழுகுக் கணக்குப் போட்ட அதே ஃபிராங்க்தான். இந்த மனுசன் கண்ணுல படற சீவன் எதுவும் சும்மா சாகறதில்லை போலிருக்குது.

அமெரிக்கா தூரம்னா நம்ம நரியைப் பாருங்க. இட்டேரியில, ஓடையோரத்துல வளை தோண்டிக்கிட்டு நரி இருந்துச்சு. கோழியைத் தூக்குதுன்னு வெசம் வெச்சோம், பொதரை வெட்டுனோம், நரி போச்சு. இன்னிக்கு உங்க தக்காளியைக் கொத்தறது ஆரு? மயிலு. அது தரையில முட்டை போடற சாதி. முட்டையைத் தின்னுட்டுத் திரிஞ்ச நரி இல்லைங்கறதும் மயிலு பெருகுனதுக்கு ஒரு காரணம்னு சொல்றாங்க. மயிலை வெரட்டிப் பாருங்களேன். தேசியப் பறவை, வனச் சட்டத்துல மொத அட்டவணை. கோர்ட்டுல தப்பிச்சாலும் முருகங்கிட்ட தப்பிக்க முடியாது. நரி தூக்குன கோழிக்கும் மயிலு தின்ன தக்காளிக்கும் கழிச்சுப் பாத்து மிச்சத்தை நீங்களே எழுதிக்கங்க.

என் யோசனையைக் கேட்டா, எல்லாத்தையும் இடிங்க மாப்ள. கீரிக்குப் பதிலா ஒரு ஆளு, ஆந்தைக்குப் பதிலா ராத்திரி ஷிப்டுக்கு ஒரு ஆளு, தேனீக்குப் பதிலாப் பத்துப் பேரு. சீனாவுல ஹான்யுவான்ங்கற ஊர்ல பேரிக்காய்ப் பூவுக்கு மனுசன் மரத்துல ஏறிக் குச்சியில கோழி றெக்கையைக் கட்டிப் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வெக்கறானுங்க. அதுல நல்லாப் பழகுன ஆளு நாலு பேரைக் கூட்டியாந்தா நம்மூர்ப் பசங்களுக்குச் சொல்லிக் குடுப்பாங்க. நூறு நாள் வேலையில சேத்துக்கலாம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் நீங்க பாத்துக்குவீங்க, உங்க தொழிலே அதுதானே. வருசக் கடைசியில முருங்கைக்காய் கிலோ என்ன வெலைக்கு வித்தாக் கட்டும்னு மட்டும் எனக்கொரு தாக்கல் சொல்லியனுப்புங்க.

என்ன, மணியைப் பாக்கறீங்க? தாலுகா ஆபீசுங்களா? ஆமாமா, பக்கத்துக் காட்டுக்காரன் கையெழுத்து இல்லாம மனு குடுக்க முடியாதுன்னுதானே வந்தீங்க. போட்டுர்றேன். ஒண்ணே ஒண்ணு. அந்த இட்டேரி உங்க பத்திரத்துலயும் இல்லை, என் பத்திரத்துலயும் இல்லை. அ-பதிவேட்டுல வண்டிப்பாதைப் புறம்போக்குன்னு இருக்குது. புலப்படத்து நகலை எடுத்து அட்டாலியில வெச்சிருக்கேன், பேத்தி வந்தா எறக்கிக் காட்டச் சொல்றேன், எனக்கு ஏணி ஏற முடியாது. இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமேன்னு பாக்கறீங்களா? சொல்லியிருந்தா நீங்க அப்பவே வண்டியைக் கெளப்பி, சர்வேயரைப் புடிச்சு, அதுக்கும் ஒரு வழி பண்ணியிருப்பீங்க. படிச்சவங்க ஆச்சே. இப்பக் கெளம்புனாலும் நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள ஆபீசைப் பூட்டிருவாங்க, நாளையும் நாளான்னைக்கும் லீவு. திங்கக்கெழமை வாங்க, நானும் வர்றேன். உங்களுக்கு முன்னாடியே நான் அங்க நிப்பேன்.